முகம் மட்டும்

தேயிலைத் தொழிற்சாலை முன்வாசலில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மர ஸ்டூல். எதிரே மூன்று கால்களில் நின்ற கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார் ஈப்போவிலிருந்து வந்த சீனர். தோட்டத்து ஜனம் முழுவதும் அன்று மலையேறிக் கொழுந்து பறிக்கப் போகாமல் வரிசையில் நின்றது. மலாயா முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது. பெரியவர்கள் எல்லோருக்கும் இனிமேல் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லாதவனைக் காட்டில் துப்பாக்கியோடு திரிகிறவர்களின் ஆள் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கங்காணி முந்தின நாள் காலைப் பெரட்டில் பேர் வாசிக்கும்போதே சொல்லியிருந்தார்.

அம்புரோஸ் அந்தத் தோட்டத்தின் இரண்டாம் கிராணி, கணக்கும் பேரேடும் எழுதுகிறவன். ஸ்டூலில் உட்காருகிறவர்களின் பெயரையும் எண்ணையும் சாக்கட்டியால் பலகையில் எழுதிக் கொடுப்பது அவன் வேலை. எழுதினான், ஈரத் துணியால் அழித்தான், மறுபடி எழுதினான். மத்தியானத்தில் மூடுபனி இறங்கி வெளிச்சம் மங்கியதும் சீனர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு ஒதுங்கினார். "பார்க்கிறாயா?" என்று மலாயில் கேட்டார். அம்புரோஸ் துணிக்குள் தலையை விட்டான்.

ஸ்டூலில் மாரியம்மா என்ற கொழுந்துக்காரி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தகட்டில் அவள் தலைகீழாகத் தெரிந்தாள். இத்தனை வருஷமாக விடியற்காலையில் அவள் பெயரை வாசித்துக் குறி போட்டவன் அவன். அவளுடைய மேலுதட்டில் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தான். பனி நகர்ந்து வெளிச்சம் வந்தது. சீனர் தோளைத் தட்டிக் கூப்பிடும்வரை அவன் துணிக்குள்ளேயே இருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் அவனால் சரியாகக் காரணம் சொல்ல முடியவில்லை. ஈப்போவுக்குப் போய் அந்தச் சீனருடைய பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் வைத்துக் குடும்பங்களைப் படம் பிடித்தான். நெகட்டிவ் கழுவுகிற மருந்து மலைக் குளிரில் வேலை செய்யாது என்று கண்டுபிடித்து, குசினியில் கரி அடுப்பின் மேல் தட்டை வைத்துச் சூடுகாட்டினான். பிறகு ஒரு நாள் ஆபீசுக்குள் போய்த் துரையிடம், வேலையை விடுகிறேன் என்றான்.

துரை கோபப்படவில்லை. சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். வேறு தோட்டத்தில் கூப்பிட்டார்களா என்று கேட்டார். தானா ராத்தா டவுனில் போட்டோக் கடை வைக்கப் போகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

அவன் மனைவி கத்தரீன் அவ்வளவு அமைதியாக இருக்கவில்லை.

"உங்களுக்கு என்னதான் ஆச்சு? வீடு, தண்ணி, வெறகு, மருந்து எல்லாம் தோட்டத்துல குடுக்கறாங்க. ஒங்கப்பா தொழிற்சாலையில தூசு தின்னு இருமி இருமிப் படிக்க வச்சாரு, கிராணியா வரணும்னு. அத விட்டுட்டு எவன் மொகத்தையோ புடிக்கப் போறேங்கறீங்க?"

"புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்குன்னா?"

"தெரியல கத்தரீன். பெரட்டுல பேரு வாசிக்கும்போது தல நிமிந்து பாக்கறதே இல்ல. இதுல பாக்கறேன்" என்றான். சொன்னதும் அது தனக்கே ஒரு மாதிரியாக, பொய் சொன்னது போலப் பட்டது.

கிராணி வீட்டைக் காலிசெய்த அன்று சாமான்களை லோரியில் ஏற்ற இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தங்கையா. கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற ஆள், நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். கண்ணாடி வைத்த அலமாரியை முதுகில் சாய்த்துத் தனியாகவே படியிறக்கினார். லோரியில் வைத்துக் கயிறு கட்டும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கிராணி ஐயா, தொர வெரட்டிட்டாரா?"

"இல்ல தங்கையா. நானாத்தான் போறேன்."

தங்கையா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "நீங்களாவா?" என்றார். பிறகு ஏதோ புரியாததைப் புரிந்துகொள்ள முயல்கிறவர் போல, "நாமளாப் போலாமா இங்கேருந்து?" என்று கேட்டார்.

அம்புரோஸ் சிரித்தான். லோரி கிளம்பியது.

தானா ராத்தாவில் ஷம்சுதீன் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறை அவனுடைய ஸ்டூடியோ ஆயிற்று. பினாங்கிலிருந்து பாய் வரவழைத்துக் கொடுத்த திரைச்சீலையில் கடலும் இரண்டு தென்னை மரங்களும் இருந்தன. பெண்கள் வந்தால் தலை வாரி, பவுடர் பூசிவிடக் கத்தரீன் ஒரு சின்ன மேசையும் சீப்பும் வைத்துக்கொண்டாள். ஆனால் பெண்கள் வரவில்லை. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைப் பெயர்த்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினார்கள். வாசலில் காவல், வெளியே வரச் சீட்டு வேண்டும், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். வெள்ளைச் சிப்பாய்கள்தான் வந்தார்கள். தென்னை மரத்துக்கு முன்னால் நின்று ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

"என்னா கிராணியாரே, ஈ ஓட்டறீங்களா?" என்பார் ஷம்சுதீன் பாய், தேநீர்க் கிளாசை வைத்துவிட்டு. "இங்க ஈயும் கெடையாது லா. குளிரு."

அம்புரோஸ் சிரிப்பான். அவர் போனதும், கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பான். காலையில் கண் விழிக்கும்போது பெரட்டு மணி அடித்தது போலிருக்கும். அவசரமாக எழுந்து உட்கார்ந்த பிறகுதான் தான் கிராணி இல்லை என்று நினைவு வரும். அது சந்தோஷமா, பயமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகையில் போலீஸ் சார்ஜன் அகஸ்டின் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஸ்டேசனுக்குப் போட்டோ புடிக்க ஆளு வேணும் தம்பி. காட்டுல சுட்டுக் கொண்டாரானுங்கள்ள, அவனுங்க யாருன்னு கண்டுபுடிக்கறதுக்குப் படம் வேணும். எங்க ஆளு தாப்பாவுலேருந்து ஏறி வர்றதுக்குள்ள நாறிப் போவுது. மாசாமாசம் நிலையா ஒரு வருமானம். யோசிச்சுச் சொல்லு."

அம்புரோஸ் யோசிக்கவில்லை. 'நிலையா' என்ற சொல் காதில் விழுந்ததும் சரி என்றுவிட்டான். கத்தரீனிடம் போலீஸ் வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னான். அவள் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

முதல் தடவை ஸ்டேசன் பின்கட்டில் கிடந்தவன் மீசை முளைக்காத ஒரு சீனப் பையன். அம்புரோஸ் இரண்டு தகடுகளைப் பாழாக்கிவிட்டுத்தான் படம் பிடித்தான். அதன் பிறகு தகடு பாழாகவில்லை. கறுப்புத் துணிக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அது ஒரு வசதியாக இருந்தது. தகடுகளையும் பிரதிகளையும் மறுநாளே ஒப்படைத்துவிட வேண்டும், ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உத்தரவு. அதுவும் நல்லதாகப் போயிற்று.

பருவ மழை பிடித்திருந்த ஒரு நாள், சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆள் வந்து கூப்பிட்டான். பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து அதன் மேல் ஆளைக் கிடத்தியிருந்தார்கள். முகமெல்லாம் சேறு. ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி மழைச் சட்டையோடு நின்றார். அம்புரோஸ் கேமரா முக்காலியை ஊன்றி, துணிக்குள் போய், தெளிவு பார்க்கத் திருகினான். பிறகு துணியை விலக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தான். கிட்டே போய்த் தன் கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தான்.

"அகஸ்டின் அண்ணே."

"ம்."

"இது தங்கையா. எங்க தோட்டத்து ஆளு. கவ்வாத்து வெட்டறவரு."

"தெரியும்."

"இவரு கம்யூனிஸ்ட் இல்ல அண்ணே."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அம்புரோஸ் கைக்குட்டையை மடித்தான். எப்படித் தெரியும்? பெயர் தெரியும். வேலைக்கு வந்த நாட்கள் தெரியும். அலமாரியை முதுகில் சுமந்தது தெரியும். அதற்கு மேல் அவரைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"வேலிக்கு வெளிய, காட்டு ஓரத்துல இருந்திருக்கான். கையில சோத்துப் பொட்டலம்" என்றார் அகஸ்டின். அவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் பேசினார். "சோறு வெளிய போவக் கூடாதுன்னு சட்டம். ஒனக்கும் தெரியும்ல? நில்லுன்னாங்களாம். ஓடுனானாம்."

"யாருக்குச் சோறு?"

"அத அவன்தான் சொல்லணும்."

அதிகாரி ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். "ஒன்றுமில்லை ஐயா" என்று அகஸ்டினே பதில் சொன்னார். பிறகு தமிழில், "பேசாம எடு தம்பி. வெளிச்சம் போவுது" என்றார்.

தலை ஒரு பக்கம் சரிந்தது. ஒரு காவல்காரன் பின்னாலிருந்து தலைமயிரைப் பற்றித் தூக்கிப் பிடித்தான். விட்டுவிடு, முட்டுக் கொடுக்கிறேன் என்றான் அம்புரோஸ். "சப்பாட் லா" என்று கையை எடுக்காமலே மலாயில் அவசரப்படுத்தினான் அவன், எரிச்சலோடு. அம்புரோஸ் தங்கையாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். கண்களை மூடப் பார்த்தான். அவை முழுதாக மூடவில்லை. கூரை ஓரத்திலிருந்து வரும் வெளிச்சம் முகத்தில் பரவலாக விழுகிற மாதிரி முக்காலியை நகர்த்தினான். இதற்கு முன் அவன் யாருக்கும் இப்படிச் செய்ததில்லை. எதற்குச் செய்கிறோம் என்றும் தெரியவில்லை. குறைந்தபட்சம் அடையாளம் தெரிகிற மாதிரி, மனுஷனாகத் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தான்.

மறுநாள் தகடுகளை ஒப்படைத்தபோது அதிகாரி பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மிக நன்றாக இருக்கிறது என்று அவன் கையைக் குலுக்கினார்.

அந்த வாரம் முழுவதும் அவன் கடையைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கத்தரீன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. கடைசியில் ஒரு காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் காய்கறி லோரியில் ஏறினான். பழைய வேலையைக் கேட்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தங்கையாவைப் பற்றித் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றும் நினைத்தான். இரண்டில் எதற்காகப் போகிறோம் என்று லோரி மலைவளைவுகளில் திரும்பத் திரும்ப அவனுக்குக் குழம்பிக்கொண்டே வந்தது.

துரை எழுந்து நின்று வரவேற்றார். அதற்கு முன் எந்நாளும் அவர் அவனுக்காக எழுந்ததில்லை.

"அந்தப் படம் நீ எடுத்ததாமே! அருமையான வேலை, அம்புரோஸ். நீ போனபோது உனக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். என் தப்பு. உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டேன், நல்லவேளை நீ அதற்காக வரவில்லை."

அம்புரோஸ் தொப்பியைக் கையில் சுற்றினான். "இல்லை ஐயா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றான். தங்கையா என்ற பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. துரை மேசையிலிருந்த மணியை அடித்தார். தேநீர் வந்தது. குடித்தான். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

எந்தப் படம் என்பது நிறுவைக் கொட்டகையருகே வந்தபோது தெரிந்தது. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். தராசுக்கு மேலே, தகரச் சுவரில், பெரிய தாளில் தங்கையா. அச்சில் வந்திருந்தும் முகம் தெளிவாக இருந்தது. அவன் தேடிப் பிடித்த வெளிச்சம் கன்னத்திலும் நெற்றியிலும் அப்படியே இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் தமிழில் அச்சடித்திருந்தார்கள்: 'பயங்கரவாதிக்குச் சோறு கொடுப்பவன் முடிவு இதுவே.'

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புதுக் கிராணி எடையைச் சத்தமாகச் சொன்னான். ஒருத்தி கூடையைத் தராசில் மாட்டிவிட்டு, முகத்துக்கு நேரே இருந்த தாளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தங்கையாவின் மனைவி இராசம்மா. அவளுடைய எடையைச் சொல்லிவிட்டு, "அடுத்த ஆளு" என்றான் கிராணி. கூடை இறங்கியது. அவள் நகர்ந்தாள். அம்புரோஸ் அவள் கண்ணில் படாமல் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, ஷம்சுதீன் பாய் பின்பக்கம் வந்து, "ஒங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்கு கிராணியாரே. சாப்ட்டியாம்மான்னா பதிலு பேச மாட்டேங்குது" என்றார்.

இராசம்மா வாசலில் நின்றாள். கழுவி உலர்த்திய நீலப் புடவை. கழுத்து வெறுமையாக இருந்தது. உள்ளே வந்ததும் மடிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மேசையில் வைத்துக் கையால் நீவினாள்.

"மழையில ஒரு ஓரம் பேந்து தொங்குச்சு ஐயா. உரிச்சிக்கிட்டேன். காவக்காரனுக்குத் தெரியாது."

கத்தரீன் எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இதுவா ஒங்க போலீஸ் வேல?" என்றாள் மெதுவாக.

இராசம்மாதான் பேசினாள்.

"ஐயா புடிச்சதுன்னு சொன்னாங்க. எங்க பொதச்சாங்கன்னு ஐயாவுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா. என்கிட்ட சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். அதைத்தான் எதிர்பார்த்தவள் போலிருந்தது.

"இராசம்மா," என்றான் அம்புரோஸ். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். "அவரு எதுக்கு அந்தப் பக்கம் போனாரு?"

"எனக்கும் அதான் ஐயா தெரியல." அவள் தாளின் ஓரத்தைச் சுருளாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சோத்த நான்தான் கட்டிக் குடுத்தேன். மத்தியானம் பசி தாங்கலன்னு சொன்னாரு. வேலியில சோதன போடுவாங்க, வேணாம்னேன். இடுப்புல சுத்திக்கிட்டுப் போனாரு. அவரு திங்கறதுக்குத்தான் கேட்டாரா, வேற ஆருக்காச்சும் குடுத்தாரா, நான் கேக்கல. கேட்டிருக்கணுமா, கேக்காம இருந்ததுதான் சரியா, ஒண்ணும் புரியல. எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க. போலீஸும் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன். தொர, மாசக் கடசிக்குள்ள லயத்த விட்டுப் போயிடுன்னுட்டாரு. கம்போங் ராஜாவுல எங்க அக்கா இருக்கு, சீனன் காய்கறித் தோட்டத்துல. அங்கதான் போவணும்." அவள் மறுபடி தாளை நீவினாள். "அட்டையில இருந்த படத்தப் போலீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. இதத் தவிர வேற ஒண்ணும் இல்ல. இந்த எழுத்து மட்டும் வேணாம் ஐயா. வெட்டிட்டு மொகம் மட்டும் போதும்."

அம்புரோஸ் கத்தரிக்கோலை எடுத்தான். கீழிருந்த எழுத்து ஒரு நீளத் துண்டாகத் தரையில் விழுந்தது. பக்கங்களைச் சீராக்கினான். மேல் ஓரத்துக்கு வந்ததும் கத்தரிக்கோல் நின்றது. தங்கையாவின் தலைமயிருக்குள் காவல்காரனின் விரல்கள் தெரிந்தன. வெட்டினால் நெற்றிக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது.

"அத விட்டுருங்க" என்றாள் கத்தரீன். அவன் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

"இதப் பாத்துப் புதுசா படம் எடுத்துத் தர்றேன்" என்றான் அம்புரோஸ். "மை வச்சு அந்த விரல மறைக்கலாம். முடி மாதிரித் தீட்டிடலாம். செஞ்சிடலாம்." செய்ய முடியுமா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

இராசம்மா வெட்டிய தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? நாங்க சேந்து படம் எடுத்துக்கிட்டதில்ல. செத்தவங்களோட கூட இருக்கற மாதிரி சேத்துத் தருவாங்களாம்ல? ஈப்போவுல செய்வாங்கன்னு சொன்னாங்க."

"செய்யலாம்."

கத்தரீன் அவளைக் கூட்டிப்போய் மேசை முன்னால் உட்காரவைத்தாள். சிக்கெடுத்துத் தலை வாரினாள். பவுடர் டப்பாவை எடுத்துவிட்டு, வைத்துவிட்டாள். கடலும் தென்னை மரமும் வேண்டாம் என்று அம்புரோஸ் திரைச்சீலையைச் சுருட்டிவிட்டு, வெறும் சுவருக்கு முன்னால் நீள பெஞ்சை இழுத்துப் போட்டான். முக்காலியை நிறுத்தித் துணிக்குள் போனான்.

கண்ணாடித் தகட்டில் பெஞ்சு தலைகீழாகத் தெரிந்தது. அதன் ஒரு கோடியில் இராசம்மா, விளிம்பில், விழுந்துவிடுவது போல உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் நடுவுல வாங்கம்மா" என்றான் துணிக்குள்ளிருந்து. "ஓரத்துல இருக்கீங்க. படத்துல வெட்டுப்படும்."

அவள் அசையவில்லை. பக்கத்தில் கிடந்த வெற்றுப் பலகையில் விரிந்திருந்த புடவைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள்.

"இல்லங்க ஐயா. அவருக்கு எடம் பத்தாது. கூட ஒரு ஆளு கையும் வருதுல்ல."